கல் இறங்கிய பந்தல்

காய் கோணாமல் நேராக இறங்கட்டும் என்று புடலம்பிஞ்சுகளின் நுனியில் கட்டிவிட்ட கல்லெல்லாம் தரையில் கிடந்தது. சணல் அறுந்திருந்தால் மழையின் வேலை என்று கிழவன் விட்டிருப்பான். அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. பாரம் போன பிஞ்சுகள் சுருண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன்தான். வேற எவன் செய்வான்?"

"இந்தப் பேய் மழையில அவனுக்கு வேற பொழப்பே இல்லையா? நீங்க உங்க நிழலையே நம்ப மாட்டீங்க. தண்ணிய வெட்டி விடுங்க, நான் கட்டிட்டு வரேன்."

பெண்டாட்டி சணல் உருண்டையோடு பந்தலுக்குள் குனிந்து போனாள்.

பதினோரு நாள் மழை. நடுப்பகலிலேயே பந்தலுக்கடியில் இருட்டு அப்பிக் கிடந்தது. அழுகிய இலையும் சேறும் புடலையின் பச்சை நாற்றமும் கலந்து மூக்கில் ஏற, மண்வெட்டியால் வடிகாலைக் கீறிக்கொண்டே, உள்ளேயிருந்து அவள் தன்னைத் திட்டும் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பது வருஷமாகக் கேட்கிற முணுமுணுப்பு. சட்டென்று நின்றது. பந்தல் கழிகள் மட்டும் கிறீச்சிட்டன.

"ஏய், என்னடி பண்றே?"

மண்வெட்டியைப் போட்டான். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். ஈரக் கால் ஒன்று நெற்றியில் இடித்தது. அவள் கால். தரையிலிருந்து நாலடி மேலே. வரிவரியான பிஞ்சுகள் இடுப்பிலும் நெஞ்சிலும் சுற்றி, அவளை இலைக்குள் இழுத்துக்கொண்டிருந்தன. விலா எலும்பு முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

வெட்டினான். கைக்கு எட்டியதையெல்லாம் வெட்டினான். சிவப்பாகத் தெறித்தது. புடலைக்குள் சிவப்புச் சதை இருக்கும், தெரிந்ததுதான். மறுபடி ஓங்கினான். மறுபடி. அரிவாள் எதிலோ சிக்கியது. பிடுங்கி வெட்டினான். முகமெல்லாம் சிவப்பு. சூடான சிவப்பு.

முற்றிப் பழுத்தால்தானே உள்ளே சிவக்கும்?

இதெல்லாம் பிஞ்சு. பத்து நாள் பிஞ்சு.

ஏதோ கனமாகச் சேற்றில் விழுந்தது.

மேலே, இலைகளுக்கு நடுவே, அவள் முகம். வலியே இல்லாத முகம். வெட்டுப்பட்ட தோளிலிருந்து பச்சைச் சுருள் ஒன்று நீண்டு காற்றைத் துழாவியது.

"கை கீழ விழுந்திருச்சு பாருங்க. எடுத்துக் குடுங்க. இன்னும் நாலு காய் பாக்கி."

குனிந்தான்.

சேற்றில் கிடந்த கை சணலை விடவில்லை. அதை அவன் கணுக்காலில் இரண்டு சுற்று சுற்றி, முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தது.