பலகை அடித்த ஜன்னல்

பலகையைப் பெயர்த்ததும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சித்திரை வெயில் இறங்கியும் சூடு தணியாத அவனியாபுரத்துப் பொட்டலில், பகலெல்லாம் காய்ந்து கிடந்த படகுக்குள்ளிருந்து, துவட்டாத தலைமுடியின் வாடையோடு அப்படி ஒரு காற்று வருவதற்கு வழியே இல்லை. அழகுராஜா உளியைக் கீழே வைத்தான்.

ராமநாதபுரக் கரையில் வாங்கி லாரியில் ஏற்றி வந்த, அறை கட்டிய பழைய படகு. கண்மாய் நிறைந்தால் சவாரி விடலாம் என்று, ஆள் வைக்காமல் தானே ஜன்னல்களை மாற்றிக்கொண்டிருந்தான். இது ஒன்றுதான் மிச்சம். விற்ற சோணை எதையும் ஒளிக்கவில்லை.

"தம்பி, என் மதினி இதுக்குள்ளதான் செத்துச்சு. நெறமாசம். அடைப்பு நட்சத்திரம் வேற. வாசல் வழியா எடுக்கக் கூடாதுன்னு இந்த ஜன்னல ஒடச்சுத்தான் எடுத்தோம். அன்னைக்கே பலகை அடிச்சாச்சு. அத மட்டும் தொடாதீங்க."

அழகுராஜா அறியாத வழக்கமல்ல. எழுமலையில் அவன் சித்தப்பா இறந்தபோதும் சுவரை இடித்துத்தான் உடலை வெளியே எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த இடத்தைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். போன உயிர் அதே வழியில் திரும்பி வந்துவிடும் என்ற பயம். ஆனால் அது வீட்டுக்கு. படகுக்கு ஏது வாசல், ஏது சுவர் என்று நினைத்துக்கொண்டான்.

ஏழு மாதம் சுமக்கும் அவன் மனைவி தாமரைச்செல்விதான் தயங்கினாள். "ஒரு செம்புத் தண்ணியும் வெளக்கும் வச்சுக் கும்பிட்டுட்டுக் கண்ணாடிய மாட்டுவமே. தவிச்சுப் போன சீவன் பாவம்."

"வெளிச்சம் போயிரும் புள்ள. முடிச்சிட்டு ஒரு கொடமே வைப்போம்."

"ஒங்க அவசரத்துக்குப் பேயே பயந்து ஓடிரும்," என்று சிரித்தபடி அவள் முக்காலியைப் பிடித்து மெல்லப் படகுக்குள் ஏறினாள்.

ரப்பர் வார் பூட்டிய கண்ணாடியை அவன் வெளியிலிருந்து அழுத்த வேண்டும். வாரின் பள்ளத்தில் சுற்றியிருந்த நைலான் கயிற்றை அவள் உள்ளிருந்து இழுக்க இழுக்க, ரப்பர் சட்டத்தின் மேல் ஏறிப் பிடித்துக்கொள்ளும். இருவரும் பழகிய வேலைதான்.

"மெதுவா இழு செல்வி. வயித்தப் பாத்து."

கயிறு நகர்ந்தது. கண்ணாடியில் அவள் நிழல் தெரிந்தது; அதையொட்டி இன்னொரு நிழலும். தன்னுடையதாக இருக்கும் என்று அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அது சாயவில்லை.

"ஏங்க... உள்ள யாரோ..."

தலைக்கு மேலே விமானம் தாழ்ந்து இறங்கியது. அந்த இரைச்சலில் அவள் குரல் மூழ்கிப்போனது. கையை எடுத்துவிட நினைத்தான். உள்ளிருந்து யாரோ கண்ணாடியோடு சேர்த்துத் தன்னையும் இழுப்பதுபோல உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. கயிறு வேகமாக ஓடியது. இரண்டு கைகள் இழுக்கும் வேகமல்ல.

விமானம் போய்விட்டது.

கயிற்றின் கடைசி முனை உள்ளே மறைந்தது. ரப்பர் ஏறி உட்கார்ந்தது.

அமைதி.

"செல்வி?"

ஒரு செம்புத் தண்ணீர். அதற்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்?

படகின் கதவு திறந்தது. தாமரைச்செல்வி இறங்கினாள். முக்காலியைத் தேடவில்லை. வயிற்றைத் தாங்கவில்லை. ஒரே எட்டில் தரையில் நின்றாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

"அம்மாடி, பயந்தே போனேன்," என்று மூச்சுவிட்டு, அவன் ஜன்னலைப் பார்த்தான்.

உள்ளே தாமரைச்செல்வி.

ஒரு கை வயிற்றில். மறு கை கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. வாய் மட்டும் அசைந்தது. ஏங்க. ஏங்க.

அவன் தோளில் ஒரு கை படிந்தது.

"வாங்க. வீட்டுக்குப் போவோம்."

உள்ளே இருந்தவள் அவன் தோளுக்குப் பின்னால் தன் முகத்தையே பார்த்தாள். அடிப்பதை நிறுத்தினாள்.