காலி இருக்கையின் பெல்ட்

மணி முதலில் அடித்தது மதியம் மூன்று மணிக்கு. காரில் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கேட்குமே, அந்த மெல்லிய டிங், டிங். ஓட்டுபவன் பெல்ட் போட்டிருந்தான். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

குன்வோர் குனிந்து பார்த்தாள். விளம்பரப் படப்பிடிப்புக்கு வரும் காரைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பது அவள் வேலை. கண்ணாடியில் ஒரு கைரேகை இருந்தாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இருக்கையில் பை இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை. தோலுறையின் நடுவே மட்டும் லேசான ஒரு பள்ளம்.

"புது வண்டியில சென்சார் இப்படித்தான் படுத்தும்," என்றான் ஸ்டியரிங்கில் இருந்த சிந்த்ரே. அவள் தம்பி. "சும்மா கொக்கிய மாட்டி விடு அக்கா. பாட்டு நின்னுடும்."

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கேமராவை அந்த இருக்கையில் வைத்தால்கூட பெல்ட்டை மாட்டித்தான் மணியின் வாயை அடைப்பார்கள். அவள் பெல்ட்டை இழுத்து, யாருமில்லாத இருக்கையின் குறுக்கே கொண்டுவந்து செருகினாள். மணி நின்றது.

"வாங்க சார், சௌகரியமா உக்காருங்க," என்று காலி இருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு சிந்த்ரே கறுப்பு முகமூடியைக் கண்வரை ஏற்றிக்கொண்டான். கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கி. விளம்பரத்தில் கார் மட்டும்தான் தெரிய வேண்டும். ஓட்டுபவன் தெரியக் கூடாது.

மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகுந்த ஃபியோர்டுக்கு மேலே, மலையைக் குடைந்த பழைய சுரங்கம். உள்ளே விளக்கு கிடையாது. கார் நுழைந்ததும், அந்தக் கோடியில் காவலுக்கு நின்ற மாக்னே வாக்கியில், "ஒண்ணு உள்ள" என்பான். சரியாக எழுபது நொடியில் கார் இந்த வாயில் வெளிப்படும். உதவி இயக்குநர் தோரில், "ஒண்ணு வெளிய" என்பாள். கார் சாலையில் வரைந்த வெள்ளைக் கோட்டில் வந்து நிற்கும். குன்வோர் துணியோடு ஓடுவாள்.

இரண்டாவது டேக்கில் பக்கத்து இருக்கைக் கண்ணாடி உட்புறமாகப் பனித்திருந்தது. துடைத்தாள். நான்காவதில் மறுபடி, கொஞ்சம் பெரிதாக, ஒரு முகத்தின் உயரத்தில். அந்தப் பக்கக் கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளியும் பாறை ஈரமும் கலந்த வாடை அடித்தது; அக்டோபர் மழையில் ஊறிய பழைய கோட்டை அடைத்த அறையில் தொங்கவிட்டால் வருமே, அப்படி.

"உள்ள ஹீட்டர் போட்டியாடா?"

"போட்டேன். சூடே ஏற மாட்டேங்குது." அவன் சிரிக்கவில்லை. "அக்கா, சுரங்கத்துக்குள்ள எனக்கு இந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கல."

ஆறாவது டேக் முடிந்தபோது வெளிச்சம் நீலமாகிவிட்டிருந்தது. அவள் மறுபடி அந்தக் கதவைத் திறந்தாள். மாட்டியபோது பெல்ட் இருக்கையோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. இப்போது ஒரு முழம் முன்னால் தள்ளி வளைந்து நின்றது. தடித்த ஆள் ஒருவரைச் சுற்றியிருப்பது போல.

சுருள் சிக்கியிருக்கும் என்று நினைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். அழுத்தத்துக்கு இணங்கியது. பிறகு, மெதுவாக, திரும்பி வந்தது.

கொக்கியை வெடுக்கென்று கழற்றினாள்.

டிங், டிங், டிங்.

"குன்வோர், இன்னும் ஆறு நிமிஷ வெளிச்சம்தான் இருக்கு," என்றாள் தோரில் வாக்கியில். "அந்தச் சனியன அமுக்கு. கடைசி டேக்."

தம்பி அவளைப் பார்த்தான். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். "மாட்டு அக்கா. மணியோட உள்ள போக என்னால முடியாது. யாரோ இருக்கிறதா அது சொல்லிட்டே இருக்கும்."

அவள் மாட்டினாள்.

படப்பிடிப்பில் ஒரு விதி உண்டு. ஆபத்து என்று தோன்றினால் காபி ஊற்றுபவர்கூட வாக்கியில் "நிறுத்து" என்று சொல்லலாம். காரணம் கேட்காமல் எல்லாம் நிற்கும். கார் மலையைத் தாண்டிச் சுரங்கத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேரும்வரை அவள் கட்டைவிரல் வாக்கியின் பொத்தான்மேல் இருந்தது. என்னவென்று சொல்வது? பெல்ட் மூச்சு விடுகிறதென்றா? சிரிப்பார்கள். பின்னாளில் எத்தனையோ வருடங்கள் அவள் நினைத்து நினைத்துப் பார்த்தது அந்தக் கட்டைவிரலைத்தான்.

"ஒண்ணு உள்ள," என்றான் மாக்னே.

அவள் எண்ணினாள். சுரங்கத்தின் வாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அதில் கம்பளி வாடை. ஐம்பது. அறுபது. எங்கோ உள்ளே நீர் சொட்டியது. எழுபது.

எண்பது.

தோரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

தொண்ணூறு.

முகப்பு விளக்குகள். வழவழவென்று, ஒரு குலுக்கல் இல்லாமல் வந்தது கார். அன்று முழுவதும் வந்ததிலேயே அழகாக வந்தது. வெள்ளைக் கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றது.

"ஒண்ணு வெளிய. இதான் வேணும், இதேதான்," என்றாள் தோரில். யாரோ கை தட்டினார்கள்.

குன்வோர் துணியோடு போனாள். ஓடவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடியும் பனித்திருந்தன. உள்ளே தம்பி தெரியவில்லை. தெரியக் கூடாதுதானே. கறுப்புச் சட்டை. கறுப்புக் கையுறை.

ஓட்டுநர் கதவைத் திறந்தாள்.

கையுறைகள் இரண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. விரல்கள் உப்பி இருந்தன. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

அவள் இடுப்பில் இருந்த வாக்கி கரகரத்தது.

"அக்கா?" சிந்த்ரேயின் குரல். மிகத் தூரத்தில். சுவரில் மோதி வரும் குரல். "வண்டிய யாரு எடுத்துட்டுப் போனது? நான் உள்ள நிக்கிறேன். ஒண்ணும் தெரியல. அக்கா, என் பக்கத்துல யாரோ..."

மணி அடிக்கவில்லை. முன்னிருக்கைகள் இரண்டிலும் பெல்ட் மாட்டியிருந்தது. இரண்டும் ஒரு முழம் முன்னால் வளைந்து நின்றன. மெதுவாக எழுந்தன. மெதுவாகத் தாழ்ந்தன. இரண்டும் ஒன்றாக.