குரல் திறந்த நாள்

சந்தனமாரியின் குரலைத் திறந்தபோது காலை மணி பதினொன்று. கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்க வைத்து, கழுத்தில் ஈரப் பட்டை ஒன்றைச் சுற்றி, இருநூற்றுப் பத்து மருந்துகளின் பெயரையும் அளவையும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடித்ததும் பட்டையைக் கழற்றிய அலுவலர், "இனிமே வாயைப் பாத்துத் திறங்க" என்றார். மூன்று வருஷப் படிப்புக்கு அவ்வளவுதான் பட்டமளிப்பு. மாலை இல்லை, கைதட்டல் இல்லை, ஒரு வாய்க் காப்பி கூட இல்லை.

அவர் சொன்னதில் தப்பில்லை. நாட்டில் ஒவ்வொருவர் காரை எலும்புக்குக் கீழேயும் உளுந்து அளவில் ஒரு மருந்துச்சுரப்பி உண்டு. குரலுரிமை பெற்ற ஒருவர், அதாவது ஒரு குரலர், பக்கத்தில் நின்று மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னால் போதும். சொல்பவரைத் தவிர்த்து மிக அருகில் இருக்கும் உடம்பின் சுரப்பி அதைக் கேட்டு, 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்த உடம்பிலிருந்தே புரதத்தையும் கொழுப்பையும் எடுத்து மருந்தைக் காய்ச்சி ரத்தத்தில் விடும். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. மருந்துத் தொழிற்சாலைகளில் கடைசியாக இருந்ததும் மூடி ஐம்பது வருஷம் ஆகிறது.

தப்பான மருந்தைச் சொன்னால் சுரப்பி தடுக்காதா என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள். தடுக்காது. யோசிப்பது மனிதர் வேலை, காய்ச்சுவதுதான் கருவியின் வேலை என்று வகுத்துவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர்களை உருவாக்கிய நலக் கல்லூரி என்ன செய்தது? ஒரு நோயாளிக்கு ஆறு நொடி என்று கணக்குப் போட்டு, கேள்வி காதில் விழுந்து இரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால் தேர்வில் முட்டை போட்டது. யோசித்தால் தோல்வி. அதனால் மாணவர்கள் யோசிக்காமல் சொல்லப் பழகினார்கள், பேய் மாதிரிப் பழகினார்கள்.

சந்தனமாரியைப் பழக்கியது அவள் அப்பா சுடலைமணி. முப்பது வருஷம் தூத்துக்குடிப் பக்கம் உப்பு வாரிய மனுஷன். அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பதினோரு வருஷமாக அவருக்கு இதயம் பலவீனம், சிறுநீரகமும் அரைகுறை. தினமும் காலையில் தெருவுக்கு வருகிற குரலர் மூன்று பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அதில் ஒன்று டிஜாக்சின். பிறகு சுடலைமணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேள்விப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்துவிடுவார். அவர் கேட்க, இவள் சொல்ல வேண்டும். இரண்டு நொடி தாண்டினால் கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டு. எட்டாவதோடு படிப்பை விட்டவர், மூன்று வருஷத்தில் நாடித் துடிப்புக் குறைவுக்கும் துடிப்புப் பிறழ்வுக்கும் வித்தியாசம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வரும்போது அரைக் கிலோ மக்ரூன் வாங்கி வந்தாள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக எச்சரித்தாள்.

"அப்பா, இனிமே கேள்வி கேக்கக் கூடாது. தெரியும்லா?"

"எனக்குத் தெரியாதாக்கும்? உனக்கு முன்னாடியே நான் பாஸ் பண்ணிட்டேன்ட்டி."

"விளையாடாதீங்க. பேரு வாயில வந்தாலே ஆபத்து."

"சரி சரி, பெரிய குரலரம்மா. மக்ரூனைக் கொண்டா."

சாப்பிட்டார்கள். அவர் பக்கத்து வீட்டாரை வாசலில் நிறுத்தி மகளைக் காட்டினார். மகள் கூச்சத்தில் நெளிந்தாள். உப்பு வாரியவன் மகள் மருந்துப் பெயர் சொன்னால் ஊர் பிழைக்கும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷம்தான் எமனாக வந்தது.

மத்தியானம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக அந்த நேரத்தில் அந்த வாய் செய்த வேலையை அன்றும் செய்தது.

"இதயத்தோட வலுவைக் கூட்டி, துடிப்பைக் குறைக்கது? தொடக்க அளவோட?"

"டிஜாக்சின், ஒரு மில்லிகிராம்."

டிக்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் நடந்தது உண்மையாகிவிடும் போல இருந்தது.

"ஏட்டி," என்றார் சுடலைமணி மெதுவாக. "நான் கேட்டிருக்கக் கூடாது."

புதிதாகச் சிகிச்சை தொடங்குகிறவருக்கு, அதுவும் நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டிய அளவு அது. தினமும் அதில் எட்டில் ஒரு பங்கு வாங்குகிற, சிறுநீரகம் கழுவி வெளியேற்றாத உடம்புக்கு ஒரே மூச்சில் அது விஷம். பிழைக்க வைக்கும் அளவும் கொல்லும் அளவும் அந்த மருந்தில் அடுத்தடுத்த வீடு. இதெல்லாம் சந்தனமாரிக்குத் தெரியும். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண்.

அவசர வண்டியை அழைத்தாள். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அறுபத்தி நாலு. கால் மணி நேரத்தில் நாற்பத்தெட்டு. அவர் சுவரைப் பார்த்து, "எல்லாம் மஞ்சளாத் தெரியுது" என்றார். அவளுக்கு எந்தப் பெயரைச் சொல்லவும் பயம். இருநூற்றுப் பத்தும் தொண்டைக்குள் நெருக்கியடித்து நின்றன.

சுடலைமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கரண்டியை எடுத்தார்.

"கேக்குதேன், சொல்லு. மஞ்சளாத் தெரியும், குமட்டும், நாடி குறையும். என்ன நஞ்சு?"

"அப்பா, வேண்டாம்..."

டம்ளரில் ஒரு தட்டு. "என்ன நஞ்சு?"

"அந்த... இப்பச் சொன்னதுதான்."

"நாடியைத் தூக்க?"

"அட்ரோபின், அரை மில்லிகிராம்."

டிக். ஐந்து நிமிஷத்தில் நாடி ஐம்பத்தாறுக்கு ஏறியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா கெட்டிக்காரர்! இப்படியே போனால் பிழைத்துவிடலாம்.

"நஞ்சுக்கு முறி?"

"டிஜாக்சின் எதிர்ப்புரதம், நானூறு மில்லிகிராம்."

டிக் வரவில்லை. காரை எலும்புக்குக் கீழே 'கிர்ர்' என்று ஒரு நீண்ட சத்தம்.

அந்தச் சத்தத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் அரை வரிதான் உண்டு: மூலப்பொருள் போதாமை, அரிது. அப்பாவின் சட்டைப் பித்தானைக் கழற்றினாள். விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. பதினோரு வருஷமாகத் தினமும் மூன்று மருந்தைச் சுரப்பி அந்த உடம்பிலிருந்தேதான் வழித்து எடுத்திருக்கிறது. டிஜாக்சின் காய்ச்சத் தூசியளவு சரக்குப் போதும். முறிக்கு அப்படியில்லை. அது முழுக்க முழுக்கப் புரதம். கொல்லும் மருந்துக்கு அவர் உடம்பில் சரக்கு இருந்தது, காப்பாற்றும் மருந்துக்கு இல்லை.

திரும்பச் சொன்னாள். கிர்ர். கத்தினாள். கிர்ர்.

பக்கத்து வீட்டுக்கு ஓடி நாலு முட்டையும் ஒரு சொம்புப் பாலும் வாங்கி வந்தாள். உடைத்துக் கலக்கி வாயில் ஊட்டினாள். "குடிங்கப்பா, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினாள். பாதி குடித்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். தங்கியிருந்தாலும் செரித்து ரத்தத்தில் சேர மணிக்கணக்கில் ஆகியிருக்கும்.

வண்டி வந்தது. அதில் இருந்த மூத்த குரலர் உயர்நிலைக் குரலுரிமை பெற்றவர். அவரும் அதே பெயரைச் சொன்னார். அதே கிர்ர். "வண்டியில பாட்டில்ல ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டாள். அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். பாட்டிலில் மருந்தை அவர் அருங்காட்சியகத்தில் பார்த்ததோடு சரி.

"ஏட்டி, நீ சொன்னது எல்லாம் சரிதான்" என்றார் சுடலைமணி. "ஒண்ணு கூடத் தப்பில்ல." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாலே காலுக்கு நாடி நின்றது.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். சுரப்பியின் பதிவைப் பெரிய திரையில் போட்டார்கள். முதல் பெயர் கவனக்குறைவு, அதற்கு இரண்டு வாரப் பயிற்சி என்று ஐந்து நிமிஷத்தில் முடித்தார்கள்.

"முறிமருந்து எத்தனை மணிக்குச் சொன்னீங்க?"

"ரெண்டு நாப்பத்தஞ்சு."

"பெயர் சரி, அளவு சரி." தலைவர் குறித்துக்கொண்டார். "உரிய மருந்து உரிய நேரத்தில் வழங்கப்பட்டது."

"வழங்கப்படல சார். நான் சொன்னேன். உடம்புல சரக்கு இல்ல."

"சொல்றதுதாம்மா வழங்குறது. சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப எங்கப்பா எதுல செத்தாரு?"

தலைவருக்கு அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. பாவப்பட்டுத்தான் சொன்னார். "நோய்லம்மா. மருந்து கொடுத்தும் பலனில்லாம."

பயிற்சி முடிந்ததும் உப்பளத் தொழிலாளர் நலமனையில் வேலை போட்டார்கள். முதல் நாள் காலை ஏழு மணிக்கே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். சந்தனமாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதலில் வந்த ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்துக்குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம்.

"பேர் சொல்லுங்கம்மா, உப்பளத்து லாரி போயிரும்" என்றார் அவர்.

"அண்ணாச்சி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆள் திகைத்துப் போனார். "சாப்பிடலாமா? வெறும் வயித்துல வரணும்னு எழுதிப் போட்டிருக்கே. நேத்துச் சாயங்காலம் கஞ்சி குடிச்சது."

பின்னால் இருந்தவர்களைக் கேட்டாள். எல்லோருக்கும் அதே பதில்தான். சிலர் இரண்டு பஸ் மாறி விடியுமுன் கிளம்பி வந்திருந்தார்கள். செரிமானம் நடக்கும்போது சுரப்பி மெதுவாகும், வரிசை நீளும் என்பதற்காக வைத்த விதி அது.

சந்தனமாரி எழுந்து நின்றாள். "யாருக்கும் இப்ப பேர் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ரெண்டு முட்டையும் சோறும் வர ஏற்பாடு செய்யுதேன். சாப்பிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. உங்க மருந்து உங்க சதையிலதான் இருக்கு. சதை இல்லன்னா நான் சொல்லுதது வெறும் சத்தம்."

வரிசையில் நின்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "நாங்க என்ன பிச்சைக்கா வந்தோம்?" என்றாள் ஒருத்தி. "பணக்கார ஆஸ்பத்திரியில இப்படிக் காக்க வைப்பாங்களா?" என்றான் ஒருவன். "மருந்துப் பேர் தெரியாத பிள்ளைய அனுப்பிட்டானுவ!" என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. சுவரில் இருந்த புகார்ப் பொத்தானை நாலைந்து பேர் மாற்றி மாற்றி அழுத்தினார்கள்.

பத்து நிமிஷத்தில் ஜெசிந்தா வந்தாள். சந்தனமாரியோடு படித்தவள், மாநிலத்தில் முதலிடம். நாற்காலியில் உட்காரக் கூட இல்லை. நின்றபடி நாற்பது பேருக்கும் நாலு நிமிஷத்தில் பெயர் சொன்னாள். டிக், டிக், டிக், நடுநடுவே கிர்ர். கிர்ர் கேட்ட இடத்திலும் அவள் நிற்கவில்லை. யோசிக்காமல் சொல்லத்தான் அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

கழுத்துக்குழி ஆளுக்கும் கிர்ர்தான் வந்தது. சந்தனமாரி வாசல் வரை ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு மருந்து இறங்கல. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அதுதான். எங்கப்பாவுக்கும் அப்படித்தான்..."

அவர் கையை உதறினார். "நீதான பேர் சொல்ல மாட்டேன்னு உக்காந்திருந்தவ? அந்தம்மா வாய் நிறையச் சொல்லிட்டாங்க. எனக்கு இப்பவே நல்லாருக்கு" என்று சொல்லி, கிளம்பிக்கொண்டிருந்த லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டார்.