குடல் சுவரில் கன்னக்கோல்

"மாமா... டின்னு மறுபடியும் கொறஞ்சி கீது."

மருமகள் ஷப்ரீனின் அலறல்!

மருந்துக்கடை முதலாளி முகம்மது கௌஸின் கையிலிருந்து இருமல் மருந்து நழுவியது.

ஆண்டு 1999. உத்திரமேரூர். முன்புறம் கடை, பின்புறம் வீடு. எறும்புக்கு அஞ்சிக் கடையின் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்ட பால்மாவு... நான்காம் நாளாகக் களவு போயிருந்தது!

பேத்தி ஜுனைதாவுக்கு ஐந்து மாதம். ஓயாத வயிற்றுப்போக்கினால் வாடிய அவளுக்கு அந்த ஒரு மாவு மட்டுமே ஒத்துக்கொண்டது.

அடுத்த டின் வெள்ளிக்கிழமைதான் வரும்.

இருப்பதோ... புதன் வரைக்கும்.

"பேஜார் ஆவாத பாய். நான் கீறேன் இல்ல?"

மொழிந்தவர் ஓய்வுபெற்ற ஏட்டு இருசப்பன். கௌஸ் மதியத் தொழுகைக்குச் செல்லுந்தோறும் சாவிக்கொத்தைப் பெற்றுக் கடையைக் காப்பவர் அவரே.

"யார் மேலயாவது சந்தேகம் கீதா ஏட்டையா?"

"பால்காரி சிட்டம்மா. மாவு வந்ததுலேந்து அவ யாவாரம் படுத்துக்கினு கீது. மோட்டிவ் பாய், மோட்டிவ்."

"அவ கடைப் பக்கமே வர்றதில்லையே."

"அதான் சந்தேகமே."

இருசப்பன் வயிற்றைத் தடவிக்கொண்டார். அல்சர், முப்பது ஆண்டு ஸ்டேஷன் டீ ஈந்த பரிசு.

"எரியுதா ஏட்டையா?" ஷப்ரீன் பரிவுடன் வினவினாள்.

"மூணு நாளா ஐஸ் வெச்ச மாரி இருந்துச்சிம்மா. இன்னிக்கு இன்னாவோ... கல்லு மாரி அடைச்சிக்கினு கீது."

"அடைக்கும். இன்னிக்கு டின்ல இருந்தது மைதா."

ஷப்ரீன் தொடர்ந்தாள்.

"நல்ல மாவு காலையிலயே என் பீரோவுக்குப் போயிடுச்சி."

கௌஸ் மெல்லத் திரும்பினார். "ஏட்டையா... நீங்களா?"

"நீதான பாய் டின்னு மேல போட்டிருந்தத படிச்சிக் காமிச்ச? துத்தநாகம், நியூக்ளியோடைடு... குடல் சுவத்துக்குக் காவல்னு. எனக்கும் குடல் கீதே பாய்."

"அது அஞ்சி மாசத்துக் குடலுக்கு, ஏட்டையா."

இருசப்பன் தலை கவிழ்ந்தார். இருபத்தெட்டுத் திருடர்களைப் பிடித்த தலை அது.

"மெட்ராஸ் போயி இன்னிக்கே ரெண்டு டின்னு வாங்கியாறேன். என் செலவு."

"போங்க. சிட்டம்மாவும் கூட வருவா," என்றாள் ஷப்ரீன்.

"அவ எதுக்கும்மா?"

"டின்னுக்குக் காவல்."