ஹாஜி வீட்டு முதல் சாடி

சாடியைத் திறந்து கால்மணி நேரமாகியும் ஒரு ஈ கூட அதன் மேல் உட்காரவில்லை.

ஹாஜி ஜவ்ஹரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் வற்றி, வீட்டைத் தாங்கும் மரக்கால்களுக்கடியில் சேறு வெந்து குமிழியிடும் வெயில் நேரம். மீன் குடல், நண்டு ஓடு, கழுவாத வலை என்று எதையும் விடாமல் மொய்க்கும் ஈக்கள் பின்கட்டுக் கம்பில் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. சாடிப் பக்கம் மட்டும் ஒன்றும் பறந்து வரவில்லை.

ஐம்பது வருடமாகப் பெலாச்சான் என்னும் இறால் விழுது செய்கிறவர் அவர். கூனி இறாலை உப்பிட்டு, தாழம்பாயில் காயவைத்து, உரலில் இடித்து, மறுபடி காயவைத்து, மறுபடி இடித்துச் சாடியில் அமுக்கி மூடினால் மூன்று வாரத்தில் எழும்பும் நாற்றம் அவருக்கு நாற்றமே அல்ல. அது குடும்பத்தின் பெயர். இந்தச் சாடியிலிருந்து வந்தது அந்த வாடை இல்லை. அழுகிய வாழைப்பழத்தை ஈரத்துணியில் சுற்றி மறந்துவிட்டதைப் போன்ற ஒரு தித்திப்பு. அதற்கடியில் வேறொன்று. நெடுநாள் படுத்துக் கிடக்கும் நோயாளியின் தலையணையை முகர்ந்ததுபோல. அவருக்குத் தொண்டை வரை எச்சில் ஊறியது. துப்பவில்லை. தன் வீட்டுச் சரக்கின் முன்னால் அவர் ஒருநாளும் துப்பியதில்லை.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் அக்கரை ஊரிலிருந்து தர்மிசியின் வீட்டார் வருகிறார்கள். கடைசி மகள் ஹெர்லினாவை அவர் மகனுக்கு நிச்சயம் செய்ய. பெண் வீட்டின் அந்தப் பருவத்து முதல் சாடியைச் சபையில் வைத்து, பெண்ணின் தகப்பன் வெறுங்கையை உள்ளே விட்டு அள்ளி, முதல் கவளம் தான் தின்று, பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். கரண்டி கூடாது. பழைய சரக்கும் கூடாது. சரக்கு சரியில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அவருடைய மூன்று அக்காமாரும், இரண்டு மூத்த பெண்களும் அப்படித்தான் கட்டிக்கொடுக்கப்பட்டார்கள். சம்மந்தி வீட்டார் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

இந்தப் பருவத்தில் ஊரில் வேறெவர் வீட்டிலும் சாடி கிடையாது. அதற்குக் காரணம் இருந்தது.

முப்பது நாளுக்கு முன், கரையோரக் கடலடியில் ஈயம் தோண்டும் தெப்பமொன்றில் முக்குளிக்கிறவன் காற்றுக்குழாய் அறுந்து மூழ்கிப்போனான். உடல் கிடைக்கவில்லை. கடல் ஒருவரைக் கொண்டுபோனால், உடல் திரும்பும் வரை, இல்லையென்றால் நாற்பது நாள் வரை, யாரும் தள்ளுவலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்துக்குக் காவல் ஹாஜியே. ஆனால் இரண்டே வாரம்தான் கூனி கரைக்கு வரும், நிச்சயமோ குறித்தாகிவிட்டது. பள்ளிவாசல் படியில் நின்று அவர் தீர்ப்புச் சொன்னார். தெப்பத்துக்காரன் எந்த ஊரானோ, யார் பெற்றவனோ. நம் வழக்கம் நம் ஆட்களுக்கு. கிழவன் சம்சீர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கடலுக்குத் தெரியுமா ஹாஜி, அவன் எந்த ஊர்க்காரன்னு?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் விடியலில் மகன் கமீலை வலையோடு இறக்கினார். ஊரில் வேறு எவரும் இறங்கவில்லை. மணல்திட்டுக்குப் பக்கத்தில் கூனி கஞ்சிபோல் திரண்டு நின்றதாம். வலையை நகர்த்தவே முடியவில்லையாம். ஒரே இடத்தில் நான்கு கூடை. இளஞ்சிவப்பாக, கொழுத்து, கண்கள் மட்டும் கருமிளகுத் துணுக்குகளாய் மினுங்க, மதியம் வரை சாகாமல் துள்ளிக்கொண்டிருந்தது.

அது காயவேயில்லை. நான்கு நாள் வெயிலிலும் பாயில் எண்ணெய் கசிந்தது. மருமகள் ரொஸ்மீலா இரண்டு குத்துக் குத்திவிட்டு உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மாசமாக இருக்கிறாளோ என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மிச்சத்தை அவரே இடித்தார். உலக்கை ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் உரல் அதை விட மனமில்லாமல் உறிஞ்சியது.

இப்போது அவர் குனிந்து மேல்பரப்பை விரலால் வழித்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நிழலில் இருந்த சாடி. விரல் நுனியில் ஏதோ உறுத்த, எடுத்து வேட்டியில் துடைத்துப் பார்த்தார். கறுப்பு ரப்பர்த் துண்டு. கடலில் ஆயிரம் குப்பை. எறிந்தார். அடுத்தது வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. சங்குத் துண்டு என்றே நினைத்தார். திருப்பினார். வேர் இருந்தது. புகையிலைக் கறையும் இருந்தது.

பல்.

படியில் காலடிச் சத்தம். பல்லை இடுப்பு மடிப்பில் செருகினார்.

கமீல் வந்தவன் சாடியைப் பார்க்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமில்லை. காலையில் தெப்பத்துக்காரர்கள் அந்த ஆளை எடுத்துவிட்டார்களாம். எங்கே என்று ஹாஜி கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"நான் வலை போட்ட அதே இடம், வாப்பா."

"சரி. குளிச்சிட்டு சட்டையை மாத்து. ஆளுங்க வர்ற நேரம்."

"ரப்பர் உடுப்பு முழுசா இருக்கு. கையில மட்டும் கிழிஞ்சிருக்கு. ஜிப்பைத் திறந்தாங்க. உள்ள சதையே இல்ல. எலும்பு, அதைச் சுத்தி கூனி. உயிரோட. வாளி வாளியா கொட்டுச்சு." அவன் குரல் உடைந்தது. "வாப்பா, இதைக் கொண்டுபோய் புதைச்சிருவோம். நிச்சயம் நின்னா நிக்கட்டும்."

ஹாஜி நிமிர்ந்து நின்றார். சம்சீரின் கேள்வியையும் அந்தச் சிரிப்பையும் மறுபடி கேட்டார். தர்மிசி வீட்டுப் பெண்கள் படகேறித் திரும்பிப் போவதையும், வாசலில் ஹெர்லினா புதுத்துணியோடு நிற்பதையும், ஹாஜி வீட்டுச் சாடி கெட்டது என்று அக்கரை முழுவதும் ஒரே நாளில் பரவப்போகும் சொல்லையும் மனதில் பார்த்தார்.

"இது என் வீட்டுச் சாடி. மூடு வாயை," என்றார்.

அவர்கள் வந்தார்கள். பதினொரு பேர். கூடத்துப் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தர்மிசி பருத்த மனிதர், எப்போதும் கேலி. சாடியை முகர்ந்துவிட்டுக் கேட்டார்.

"எங்க ஊர்ல சாடியைத் திறந்தா ஈ முதல்ல சாப்பிட்டுட்டுத்தான் எங்களுக்குக் குடுக்கும். உங்க ஊர் ஈக்குக்கூட மரியாதை தெரியும்போல, சம்மந்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜி பிஸ்மில்லாஹ் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. சொல்லாமலே கையை விட்டு அள்ளினார். வாயில் வைத்தார்.

வழுவழுப்பு. சூடு. நாக்கில் பரவி, பல்லிடுக்கில் புகுந்து, தானாகவே தொண்டையில் இறங்கியது. குமட்டல் எழும் என்று காத்திருந்தார். எழவில்லை. அதைவிட அருவருப்பான ஒன்று நடந்தது. ருசித்தது. வாழ்நாளில் தின்ற எல்லாவற்றையும்விட ருசித்தது. வாய் அடுத்த கவளத்துக்கு ஊறியது.

கொடுத்தார். தின்றார்கள். முதலில் பேச்சு நின்றது. பிறகு விரலைச் சப்பும் சத்தம். மாப்பிள்ளையின் தாய் முக்காட்டு நுனியில் ஒட்டியதையும் நக்கினாள். தர்மிசியின் முகவாயில் எண்ணெய் வழிந்தது; துடைக்கவில்லை. சோறும் மிளகாயும் தொடப்படாமல் கிடந்தன. கதவருகே நின்ற கமீல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

"பொண்ணு எங்க பொண்ணுதான், சம்மந்தி," தர்மிசிக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் குடுங்க."

நிச்சயமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் ஹெர்லினாவின் வளையல்கள் குலுங்கின. ஹாஜி மறுபடி கையை விட்டார். மணிக்கட்டு வரை. மேலாக இருந்தது தீர்ந்திருந்தது. இன்னும் ஆழமாக விட்டார்.

உள்ளே ஒரு கை அவர் கையைப் பற்றியது.

முரட்டுத்தனமாக இல்லை. ஸலாம் சொல்லும்போது பிடிப்பதைப்போல, மென்மையாக. ஐந்து விரல்கள். எலும்பில்லாத விரல்கள். அவர் இழுத்தார். விடவில்லை. பிடிக்குள்ளே ஆயிரம் பொடிக்கால்கள் அசைந்தன. நகக்கண்ணில் முதல் கடி. சின்னதாக. பிறகு எல்லா இடத்திலும்.

"என்ன சம்மந்தி, அள்ள மனசு வரலையா?"

பதினொரு முகங்கள். பளபளக்கும் பதினொரு வாய்கள். எதிரே குழித்து நீட்டிய பதினொரு உள்ளங்கைகள்.

"வருது," என்றார் ஹாஜி.

முதுகு நிமிர்ந்திருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தக் கை தன்னிலிருந்தே பிய்த்து, அவருடைய பிடிக்குள் ஒரு கவளத்தை வைத்தது. விரல்களை மடக்கியும் விட்டது. அவர் வெளியே எடுத்தார். மணிக்கட்டுக்குக் கீழே தோல் எங்கே முடிந்தது, பெலாச்சான் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. இளஞ்சிவப்பாக எல்லாம் ஒன்றாக இருந்தது.

தர்மிசி குனிந்து, அவர் கையிலிருந்தே தின்னத் தொடங்கினார்.