உச்சிவெயிலில் மூன்று தட்டு

கட்டில் காலில் யாரோ தட்டினார்கள். டக், டக், டக். மூன்றே தட்டு.

காலை ஏழு மணிக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, நீராகாரம் குடித்து, ஜன்னலில் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டுப் படுத்திருந்த வேதமணி மேஸ்திரி கண்ணைத் திறந்தார். படுதாவின் கிழிசல் வழியே உச்சிவெயில் ஊசி ஊசியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கொல்லையில் மனைவி அன்னத்தாய் மிளகாய் வற்றலைக் கிளறும் காரம் மூக்கில் ஏறியது. எங்கோ ஒரு காகம். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். நூல் சுற்றும் மரக்கட்டையை, மில்லில் பாபின் என்பார்களே, அதை இரும்பில் தட்டினால் மட்டும்தான் அப்படிக் கேட்கும்.

யார் தட்டியது என்று கேட்டார். யாரும் தட்டவில்லை என்றாள் அன்னத்தாய். மறுபடி படுத்தார். உடம்பு லேசாகி, தூக்கம் முழங்கால்வரை ஏறிவந்த அந்தக் கணத்தில், காதுக்கு ஒரு சாண் தள்ளி, டக், டக், டக். கூடவே மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து சூடேறிய வாசனை. மில் அங்கிருந்து அரை மைல் தூரம்.

அந்த வாசனைக்கு ஒரு கதை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்பு மை பூசியிருந்த காலம். பட்டாளத்துக்குத் துணி வேண்டும் என்று ராஜபாளையத்தில் மில் இரவும் பகலும் ஓடியது. நூற்புக் கூடத்தின் ராத்திரி ஷிப்டுக்கு மேஸ்திரி வேதமணி. கண்ணசருகிறவனை எழுப்ப அவர் கையில் எப்போதும் ஒரு பாபின் இருக்கும். தூங்குகிறவன் காதருகே இரும்பில் மூன்று தட்டு தட்டுவார். அதற்கும் எழாவிட்டால் நான்காவது தட்டு விரல் கணுவில், அந்த மொளியில் விழும்.

மகாராஜபுரத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த சமுத்திரம் தங்கமான மனிதன். ஒருநாள் ராத்திரி பக்கத்து மெஷின் காசிராஜன் காய்ச்சலில் நின்றபடியே தள்ளாடியபோது, சமுத்திரம் தன் தோள்துண்டை மடித்துத் தலைக்கு வைத்து அவனைத் தூணோரம் படுக்கவைத்தான். மெஷினின் ஒரு பக்க வரிசையைச் சைடு என்பார்கள். காசிராஜனுடைய சைடிலும் தானே ஓடி ஓடி, அறுந்த இழைகளை ஒட்டினான். வேதமணி பாபினோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் கண்ணசரட்டும் மேஸ்திரி. அவன் சைடையும் நானே பாத்துக்கிடுதேன்," என்றான் சமுத்திரம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கா மணி நேரம் படுத்து எந்திச்சா இழை அம்புட்டு அறாது. விடிய விடிய முழிச்சவன் கை ஒட்டாது. நீங்களே நின்னு பாருங்களேன்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வேதமணிக்கு அந்தச் சிரிப்பு தைத்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் ஷிப்ட் மாறும். ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை உண்டு. அது எந்தப் பலகையின் ஆணியில் தொங்குகிறதோ அதுதான் அவனுக்கு அந்த வார ஷிப்ட். அந்தச் சனிக்கிழமை எல்லோருடைய வில்லையும் பகல் பலகைக்குப் போனது. சமுத்திரத்தின் வில்லையை மட்டும் வேதமணி ராத்திரி ஆணியிலேயே விட்டார். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். தகரக் கூரைக்கடியில், பகல் வெக்கையில், பிள்ளையின் அழுகைக்கு நடுவே அவன் எப்படித் தூங்கியிருப்பான்? கண் சிவந்தது. தின்ற சோறு தங்கவில்லை. நின்ற இடத்தில் தனக்குத்தானே பேசினான். ஐந்தாவது வாரம், ராத்திரி மூன்று மணிக்கு, நின்றபடியே தூங்கிச் சாய்ந்தவனின் தோள்துண்டு, மெஷினிலிருந்து கூரைத் தண்டுக்கு ஏறி ஓடுகிற பெல்ட்டில் சிக்கியது. மற்றவர்கள் வருவதற்குள் பெல்ட் அவனை மேலே தூக்கிவிட்டது.

குடித்திருந்தான் என்று வேதமணி சொன்னார். மானேஜர் எழுதிக்கொண்டார். பைபிளைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிற மனிதர் அப்படிச் சொன்னார். கர்த்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்திருந்தால் போதும்.

முதல் தட்டு கேட்டுப் பத்து நாளாகியும் அது நிற்கவில்லை. பகலில் கண் மூடினால் மட்டும் வரும். காதில் பஞ்சை அடைத்தார். பஞ்சுக்கு உள்ளேயிருந்து கேட்டது. ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லும் இடத்தில் கேட்டது. சாப்பாட்டில் மண் வாசனை அடித்தது. தன் வீட்டுப் படியிலேயே தடுக்கி விழுந்தார். இரும்புக் கட்டிலை வெளியே போட்டுவிட்டுத் தரையில் படுத்தார். தரையில் இரும்பு ஏது? ஆனாலும் இரும்பில்தான் தட்டியது.

பதினோராம் நாள் பகலில் சமுத்திரத்தின் மனைவி அய்யம்மாள், பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நாளை மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக் கச்சேரியில் அவன் சாவைப் பற்றிக் கடைசி விசாரணை என்று சொன்னாள்.

"பணம் காசு எதுவும் நான் கேக்கலை மேஸ்திரி. அவிய குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாளைக்கு இந்தப் புள்ளைய ஊரு குடிகாரன் மவளுன்னு சொல்லும்." பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்தாள். "கண்ணு மூடாமத்தான் போனாவ. நாங்க எம்புட்டோ தடவி மூடப் பாத்தோம். மூடலை. யாரையோ பாத்துக்கிட்டேதான் குழிக்குள்ள போனாவ."

அவள் போனபின் அன்னத்தாய் அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வாங்க," என்றாள்.

சொல்லிவிடுகிறேன் ஆண்டவரே என்று வேதமணி மனதுக்குள் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார். அன்று பகல் தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது, மலைக்காற்று முகத்தில் பட, குழந்தையைப் போலத் தூங்கினார். கோபுரம் தெரிகிறது என்று கண்டக்டர் தோளைத் தொட்டுத்தான் எழுப்பினான். உடம்பே புதிதாக இருந்தது.

கச்சேரித் தாழ்வாரத்தில் மானேஜர் நின்றிருந்தார். வெற்றிலை நீட்டினார். பகல் ஷிப்டுக்கு ஒரு ஹெட் மேஸ்திரி வேண்டியிருக்கிறது, இனிமேல் உங்களுக்கு ராத்திரியே கிடையாது என்று அன்பாகச் சொன்னார்.

உள்ளே கேட்டபோது வேதமணி, "குடிச்சிருந்தான்," என்றார்.

அய்யம்மாள் அழவில்லை. பிள்ளையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது கடைத்தெருவில் பால்கோவா வாங்கினார். பஸ்ஸில் கண் மூடிப் பயந்து காத்திருந்தார். தட்டு வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

அன்று கடைசி ராத்திரி ஷிப்ட். காய்ச்சல் பரவியிருந்ததால் பாதி ஆள் இல்லை. கூடத்தின் கோடியில் காசிராஜனின் மெஷினுக்கு ஆளே இல்லை. மேஸ்திரியே நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் சமுத்திரத்தின் மெஷினும் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு மை பூசிய ஜன்னல்களில் விடிவும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. காகிதக் குல்லாய் போட்ட விளக்குகளின் அடியில் பஞ்சுத் தூசி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நூல் சுற்றும் ஆயிரம் கதிர்களின் இரைச்சல் ஒரே இரைச்சலாகி, பிறகு இரைச்சலே இல்லாததுபோல் ஆகி, காலடித் தரையை மட்டும் நடுக்கிக்கொண்டிருந்தது.

மூன்று மணி. இழை அதிகமாக அறுகிற நேரம்.

ஒன்றும் அறவில்லை.

அவர் நடந்து பார்த்தார். ஒரு இழை அறுந்தது. அவர் கை நீட்டும் முன்பே ஒட்டியிருந்தது. இன்னொன்று. அதுவும். எதிர்வரிசையில், அடுத்த வரிசையில், அறுந்ததெல்லாம் யாரோ ஓடி ஓடி ஒட்டியதுபோல. ஈரக் கைரேகை ஒன்று இரும்பில் பளபளத்தது.

இமை கனத்தது. தூக்கம். கெட்டுப்போன பத்து நாள் தூக்கம் மொத்தமும் ஒரேயடியாகத் தலையில் இறங்கியது.

தட்டட்டும் என்று நினைத்தார். ஒரு தட்டு. இப்போது தட்டினால் விழித்துக்கொள்வேன்.

தட்டவில்லை.

இடுப்பிலிருந்த பாபினை எடுத்துத் தானே இரும்பில் அடித்தார். சத்தம் வரவில்லை. இன்னும் ஓங்கி. சத்தம் இல்லை. விரல் மொளியில் அடித்தார். வலிக்கவில்லை. பாபின் கை நழுவி விழுந்தது. அதுவும் சத்தமில்லாமல்.

எண்ணெயும் பஞ்சும் சூடேறிய வாசனை. பிடரியில் மூச்சு.

தோளிலிருந்த துண்டை யாரோ எடுத்தார்கள். பதமாக. மடித்தார்கள். தலைக்கு வைப்பதுபோல் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு இதமான கை.

"கொஞ்சம் கண்ணசருங்க மேஸ்திரி. உங்க சைடையும் நானே பாத்துக்கிடுதேன்."

இமைகள் இறங்கின. நிறுத்த முடியவில்லை. மீதியிருந்த கீற்றளவு இடைவெளியில் வேதமணி பார்த்தார். இமைக்காத இரண்டு கண்கள். ஒரு கை அறுந்த இழையைப் பொறுமையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றொரு கை துண்டின் நுனியை, ஓடுகிற பெல்ட்டின் மேல், மெல்ல வைத்துக்கொண்டிருந்தது.