இரண்டு மணிக்கு ஹாலில் இருந்தவள்

"அம்மா, நைட்டு இன்னாத்துக்கு ஹால்ல இருட்டுல உக்காந்துகினு இருந்தே?"

ஆறு வயது மகிழினி இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். ஜடை பின்னிக்கொண்டிருந்த குணசுந்தரியின் கை நின்றது. நேற்று பதினோரு மணிக்குப் படுத்தவள், காலை ஆறுக்குத்தான் எழுந்தாள்.

அப்படித் தூங்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பல வருடங்களாக விடியற்காலை நான்குக்கு முன்னால் அவளுக்குத் தூக்கம் வந்ததே இல்லை. கணவன் உதயா எண்ணூர் துறைமுகத்துக்கு நைட் ஷிஃப்ட் போனதும், ஹால் நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து ஃபோனைத் தேய்ப்பாள். இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம். யாரும் அவளை எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். தினமும் வேலைக்குத் தாமதமாகி, மூன்றாவது மெமோ வாங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனாள். உடம்புக் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது என்றார் அவர். சாயங்காலம் மாத்திரை, விடிந்ததும் மொட்டை மாடி வெயில். தூக்கம் மெல்ல மெல்ல பதினொன்றுக்கு வந்து சேர்ந்தது.

"கனவு கண்டிருப்பே."

"இல்லமா. தண்ணி கேட்டேன், குடுத்தியே."

உதயாவிடம் ஃபோனில் சொன்னாள். "தூக்கத்துல எழுந்து நடக்குறியோ இன்னாவோ," என்றான் அவன்.

அன்றிரவு துப்பட்டாவால் தன் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது.

"நேத்து என்னிய மடியில வெச்சுகினே," என்றாள் மகிழினி. "ரெண்டு மணியாச்சு, தூங்குன்னே."

மூன்றாம் இரவு குணசுந்தரி மாத்திரை போடவில்லை. வாசல் கதவைத் தாழிட்டு, இரண்டு டம்ளர் கடுங்காப்பி குடித்து, மகளை இறுக அணைத்தபடி படுத்தாள். மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த கேஸ் நெடி ஜன்னல் இடுக்கில் கசிய, கண்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும் அதிர்வில் பீரோவின் கைப்பிடி விடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருக்க, அவள் உதட்டைக் கடித்துக் கடித்து விழித்திருந்தாள். இத்தனை வருடம் கெஞ்சியும் வராத தூக்கம் பதினொன்றுக்கெல்லாம் வந்து கண்ணை அழுத்தியது. தொடையைக் கிள்ளினாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. பன்னிரண்டு. ஒன்று. கை மரத்தது. நாக்கு மரத்தது.

லாரிச் சத்தம் ஓய்ந்தது.

ஹாலில் நாற்காலி முனகியது.

அவளுடைய ஃபோன் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. ஆனாலும் ஹாலில் நீல வெளிச்சம். அதில் மடக்கிய கால். அவளுடைய நைட்டி. குனிந்த தலை.

"மகி. வா." அவளுடைய குரல்தான்.

மகிழினி அணைப்பிலிருந்து நழுவினாள். பிடி, பிடி என்றது மனம். விரல் அசையவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை. இமைகள் கீழே கீழே இறங்கின.

மடியில் ஏறி உட்கார்ந்த பிள்ளை அறைக்குள் எட்டிப் பார்த்தது.

"அம்மா, உள்ள படுத்துகினு கீறது யாருமா?"

"அவ தூங்கட்டும். நாம போலாம்."

தாழ்ப்பாள் விலகியது. மூடிய இமைக்கு வெளியே, மாடிப் படிகளில் இரண்டு ஜோடிக் கால்கள் நிதானமாக இறங்கின. மகிழினி எதற்கோ சிரித்தாள்.